ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியின் விமான நிலையத்துக்கும், டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிட்டா விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 7,830 கிலோமீட்டர் தூரம். 2022 தொடக்கத்தில் ஃபின்ஏர் நிறுவனத்தின் விமானங்கள் இதைச் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் கடந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், அதே நிறுவனத்தின் அதே ஏ350 ரக விமானம், அதே இரண்டு ஊர்களுக்கிடையே பறக்கக் கிட்டத்தட்ட 13 மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஊர்கள் இடம் பெயரவில்லை. விமானத்தின் வேகமும் குறையவில்லை.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைச் செயலியில் தட்டினால் தூரமும் பயண நேரமும் நொடியில் வந்துவிடுகின்றன. தூரம் என்று காட்டும் எண்ணை நம்பலாம், அது வடிவியல் கணக்கு. நேரம் என்று காட்டுவதோ, அந்தத் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டி வரும் விடை. அந்த வகுத்தலில் காற்றுக்கு இடமில்லை, குளிருக்கு இடமில்லை, நாட்டு எல்லைகளுக்கும் இடமில்லை. இவை மூன்றும் ஒரு பயணத்தை எப்படி நீட்டிச் சுருக்குகின்றன என்பதை இந்த ஒரு வழித்தடத்தைத் தொடர்ந்து போனாலே பார்த்துவிடலாம்.

முதலில் தூரம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படங்களில் பெரும்பாலானவை 1569-இல் ஜெரார்டு மெர்க்கேட்டர் வகுத்த முறையையோ அதன் உறவு முறைகளையோ பின்பற்றுபவை. அந்தப் படத்தில் ஹெல்சிங்கி மேலே இருக்கிறது, டோக்கியோ வலப்புறம் வெகுதூரத்தில் கீழே இருக்கிறது. ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் அது தென்கிழக்காக இறங்கி, ரஷ்யாவின் தென்பகுதி, கஜகஸ்தான், மங்கோலியா, சீனா வழியாகப் போகும். அந்தக் கோட்டின் உண்மையான நீளம் சுமார் 8,780 கிலோமீட்டர்.

இப்போது பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தெற்கே இறங்காது. வடகிழக்கு நோக்கிக் கிளம்பி, வெள்ளைக் கடலைத் தாண்டி, யூரல் மலைத்தொடரின் வடகோடிக்கு அருகே ஆர்க்டிக் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் சைபீரியாவின் குறுக்கே தென்கிழக்காக வளைந்து ஜப்பானுக்கு வரும். ஹெல்சிங்கி இருப்பது 60 பாகை வடக்கில், டோக்கியோ இருப்பது 36 பாகைக்கும் கீழே. இருந்தும் இந்தப் பாதை 67 பாகை வரை மேலேறுகிறது. இதன் நீளம்தான் 7,830 கிலோமீட்டர். உருண்டையின் மையத்தை ஊடுருவி வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு இது. பெருவட்டம் என்று இதற்குப் பெயர். உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையில் இதைவிடக் குறுகிய வழி கிடையாது.

மெர்க்கேட்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் படம் வரைந்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை தாளில் நேர்கோடாக விழ வேண்டும் என்பதே அவருடைய தேவை. அதற்காகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்து விரிக்க வேண்டியிருந்தது. அந்த விரிப்பில் பழகிய நம் கண்ணுக்கு, விமானத்தின் உண்மையான நேர்வழி கோணலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பூமி சரியான உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் வரும் திருத்தமும், 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகி வரும் பதினான்கு கிலோமீட்டர் கூடுதலும் இந்தக் கணக்கில் பொருட்படுத்தத் தக்கவை அல்ல.

அடுத்தது வேகம். நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் அளவுக்குப் பறக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 56 பாகை கீழே இருப்பதால் ஒலியே மெதுவாகத்தான் போகிறது, மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். அதில் 85 சதவீதம் என்றால் 900. தூரத்தை இதனால் வகுத்தால் 8 மணி 42 நிமிடம் வருகிறது. கால அட்டவணையில் அச்சிடப்படுவதோ விமானம் நுழைவாயிலை விட்டுப் பின்னோக்கி நகரும் நொடியிலிருந்து, மறுமுனையில் நிறுத்தப்படும் நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்கும் வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றைச் சேர்த்தால் ஒன்பதரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். ஆனால் டோக்கியோவிலிருந்து திரும்பும் விமானம் அப்போதும் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டது. அதே பாதை, அதே தூரம், எதிர்த் திசை.

இதற்குப் பூமியின் சுழற்சியைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே வந்து சேர வேண்டும் என்று ஒரு வாதம் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் மேற்கே போகும் பயணம்தான் குறைய வேண்டும், நடப்பதோ நேர்மாறு. காற்று மண்டலம் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் நீந்துகிறது. காவிரியில் நீரோட்டத்தோடு போகும் பரிசலையும் எதிர்த்துத் துடுப்புப் போடும் பரிசலையும் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. விமானத்தின் 900 கிலோமீட்டர் என்பது காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்த வேகம் வேறு.

ஆனாலும் பூமியின் சுழற்சிக்குச் சுற்றுவழியில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது. பூமத்திய ரேகையில் தரையும் அதன் மேலுள்ள காற்றும் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகின்றன. 30 பாகை வடக்கில் வட்டம் சிறிது, அங்கே தரையின் வேகம் 1,450 கிலோமீட்டருக்கு அருகில்தான். வெப்ப மண்டலத்தில் சூடேறி எழும்பிய காற்று உயரத்தில் வடக்கு நோக்கி நகரும்போது, தான் கொண்டுவந்த சுழற்சியைச் சுலபத்தில் விடுவதில்லை. தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. இதோடு குளிர்காலத்தில் சைபீரியாவின் கடுங்குளிரும் பசிபிக் பெருங்கடலின் வெம்மையும் ஜப்பானுக்கு மேலே மோதிக்கொள்கின்றன. வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு வேகம் மேல்காற்றுக்கு. உலகின் மிக வலிமையான ஜெட் காற்றோட்டங்களில் ஒன்று ஜப்பானின் தலைக்கு மேல் ஓடுவது இதனால்தான். குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு.

இதை முதலில் அளந்தவர் ஜப்பானியரான ஓயிஷி வசாபுரோ. நரிட்டாவிலிருந்து அதிகத் தூரமில்லாத தட்டேனோ வானிலை ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர். 1923-க்கும் 1925-க்கும் இடையில் 1,200-க்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டு, கருவியால் அவற்றைத் தொடர்ந்து கவனித்து, உயரே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மேலைக்காற்று வீசுவதைக் கண்டார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் தன் அறிக்கையை 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகப் பொதுமொழியாகும் என்று அவர் நம்பிய அந்த மொழியில் படிக்க அநேகமாக ஆளில்லை. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நல்ல நோக்கம் இவ்வளவு மோசமாகத் தோற்ற இடங்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவின் மேல் ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் வந்தபோது, பின்னாலிருந்து தள்ளிய காற்றில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் இலக்கைக் கடந்து போயின. அவற்றின் குறிபார்க்கும் கருவிகள் அந்த வேகத்துக்கு ஆனவை அல்ல. பெரும்பாலான குண்டுகள் வேறெங்கோ விழுந்தன. காற்றை அறிந்திருந்த ஜப்பானிய ராணுவமோ அதே மாதத்தில் தொடங்கி, வெடிகுண்டு கட்டிய காகித பலூன்களை ஆயிரக்கணக்கில் அந்தக் காற்றில் விட்டது. அவற்றில் சில பசிபிக்கைக் கடந்து அமெரிக்கக் கண்டத்தில் இறங்கின. 1945 மே மாதத்தில் ஒரேகான் காட்டில் கிடந்த ஒன்று வெடித்து, ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து குழந்தைகளும் இறந்தார்கள்.

காற்றின் கணக்கில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. போகும்போது உதவிய காற்று வரும்போது தடுத்தால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. வழி முழுவதும் 100 கிலோமீட்டர் வேகக் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்காற்றில் 7,830 கிலோமீட்டரைக் கடக்க 7 மணி 50 நிமிடம், மிச்சம் 52 நிமிடம். எதிர்காற்றில் 9 மணி 47 நிமிடம், இழப்பு 65 நிமிடம். எதிர்காற்றுக்குள் விமானம் அதிக நேரம் இருக்க வேண்டியிருப்பதால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. காற்றே இல்லாத வானம்தான் போய்வரும் பயணத்துக்கு மலிவானது. ஹெல்சிங்கி பாதையின் பெரும்பகுதி சைபீரியாவின் வடக்கே, ஜெட் காற்றோட்டத்தின் கடுமையான பகுதிக்கு அப்பால் போனதால்தான் இரு திசைக்குமான வித்தியாசம் அளவோடு நின்றது.

அந்தப் பாதை எல்லா நாளும் திறந்திருக்கவில்லை. பனிப்போர்க் காலத்தில் மேற்கத்திய விமானங்கள் தம் விருப்பத்துக்குச் சைபீரியாவைக் கடந்துவிட முடியாது. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பகுதி வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, டோக்கியோவுக்குப் போகும் சேவையைத் தொடங்கியது. முப்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்த அந்தப் பயணம், இந்தியா வழியாகச் சுற்றிப் போனதைவிட வெகுவாகக் குறைந்த நேரம். பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பனியும் காடும் சூழ்ந்த ஆங்கரேஜ், ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே ஒரு பெரிய நிறுத்தமாக வளர்ந்தது.

1983 ஏப்ரலில் ஃபின்ஏர் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கூடுதல் எரிபொருள் கொள்ளும் டிசி-10 விமானத்தில், வடதுருவத்தைக் கடந்து, பேரிங் நீரிணை வழியாக, எங்கும் நிற்காமல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பறந்தது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் போன முதல் நிறுவனம் அதுவே. பயண நேரம் சுமார் 13 மணி. ஹெல்சிங்கியிலிருந்து துருவத்துக்கு 3,300 கிலோமீட்டர், அங்கிருந்து பேரிங் நீரிணைக்கு 2,700, அதற்கப்பால் டோக்கியோவுக்கு மேலும் 4,600-க்குக் குறையாது. கூட்டினால் நேர்வழியைவிட 2,700 கிலோமீட்டருக்கும் அதிகம்.

அந்த வானத்தில் வழி தவறுவதன் விலை என்ன என்பது அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று தெரிந்தது. ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பிய கொரியன் ஏர்லைன்ஸ் 007, தானியங்கி இயக்கம் சரியான முறைக்கு மாறாததால் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சோவியத் எல்லைக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்றுவிட்டது. சகாலின் தீவருகே சோவியத் போர்விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் இறந்தார்கள். அமெரிக்க ராணுவம் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் வசதி பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் வழங்கப்படும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது இதன் பிறகே. இன்று நம் கைப்பேசியில் வழி காட்டுவது அந்த வசதிதான்.

சோவியத் ஒன்றியம் கலைந்ததும் சைபீரிய வானம் பரவலாகத் திறந்தது, கட்டணத்துக்கு. அந்தக் கட்டணத்தின் பெரும்பங்கு ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் நிறுவனத்துக்குப் போனது என்பதில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு நீண்ட நாள் மனத்தாங்கல். இருந்தாலும் மிச்சமான நேரம் அதைவிடப் பெரிது. பின்லாந்துக்கு அது ஒரு பொற்காலம். உருண்டையில் நூலைப் பிடித்தால் காரணம் விளங்கும். லண்டனிலிருந்து நரிட்டாவுக்கு நேராகப் போனால் சுமார் 9,590 கிலோமீட்டர். ஹெல்சிங்கியில் இறங்கி மாறிப் போனால் 9,675. நூறு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. ஐம்பத்தைந்து லட்சம் மக்களே உள்ள ஒரு சிறு நாடு, ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்தும் ஆசியாவுக்குப் போகிறவர்களின் மாறுமிடமானது பூமியின் வடிவம் கொடுத்த வாய்ப்பால். இன்னொன்றும் உண்டு. போக ஒன்பதரை, வரப் பத்து மணி நேரம் என்றால், நடுவில் சுத்தம் செய்து எரிபொருள் நிரப்பும் நேரம் போக, ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பிவிடும். தினமும் ஒரு சேவைக்கு ஒரு விமானம் போதும். அந்த நிறுவனத்தின் ஆசியத் திட்டமே இந்தக் கணக்கின் மேல் எழுந்தது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. சில நாட்களுக்குள் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு 36 நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. மார்ச் 9 அன்று ஃபின்ஏர் டோக்கியோ சேவையை மீண்டும் தொடங்கியபோது அதன் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வடக்கே நார்வே, ஸ்வால்பார்ட் தீவுகள், துருவம், அலாஸ்கா எனப் போவது. மற்றொன்று, தெற்கே பால்டிக் நாடுகளில் தொடங்கி துருக்கி, காக்கசஸ், கஜகஸ்தான், சீனா, கொரியா எனப் போவது. எது என்பதை அன்றன்றைய காற்று முடிவு செய்யும். இரண்டுமே பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுபவை.

வடவழிக்கு 1983-இல் இல்லாத ஒரு சிக்கல் இருந்தது. டிசி-10 மூன்று எஞ்சின் விமானம், ஏ350-க்கு இரண்டுதான். இரட்டை எஞ்சின் விமானம், ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை எட்டும் தூரத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. துருவத்தைக் கடக்க 300 நிமிட அனுமதி வேண்டியிருந்தது. ஒற்றை எஞ்சினில் ஐந்து மணி நேரம். எஞ்சின்களின் நம்பகத்தன்மை அந்த அளவுக்கு வளர்ந்திருப்பதால்தான் அது கிடைத்தது.

குளிரும் உண்டு. வழக்கமாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் உறைநிலைக்கு 47 பாகை கீழே உறையத் தொடங்கும். துருவத்தின் மேல் வெளிக்காற்று அதற்கும் இருபது பாகை கீழே போகக்கூடும். இறக்கைகளுக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் மெல்லக் குளிர்ந்துகொண்டே வருவதை விமானிகள் கவனித்தபடி இருக்க வேண்டும். அளவு மீறினால் வேகத்தைக் கூட்டிக் காற்றழுத்தத்தால் இறக்கையைச் சூடேற்றலாம், அல்லது கீழே இறங்கிச் சற்று வெதுவெதுப்பான காற்றைத் தேடலாம். இரண்டிலும் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். காந்தத் திசைகாட்டி அங்கே உதவாது. துருவப் புள்ளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தெற்குதான்.

டோக்கியோவிலிருந்து ஐரோப்பா திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் வடவழியைத் தேர்ந்தெடுக்கின்றன. மேற்கே இருக்கும் ஊருக்குப் போகக் கிழக்கே கிளம்புகின்றன, ஓயிஷி அளந்த காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு. ஜப்பான் ஏர்லைன்ஸின் லண்டன் சேவையும் இப்படித்தான். லண்டனுக்கு வரும்போது அலாஸ்கா, கிரீன்லாந்து வழி, டோக்கியோவுக்குத் திரும்பும்போது மத்திய ஆசியா வழி. போய்வந்த பயணி உலகையே ஒரு முறை சுற்றி வந்திருப்பார்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தில் முழு உரிமை உண்டு என்பது 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதி. அதே மாநாட்டில், இறங்காமல் கடந்து செல்லும் உரிமையைப் பரஸ்பரம் தரும் தனி ஒப்பந்தம் ஒன்றும் உருவானது. இந்தியா உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. உலகின் மிகப் பெரிய வான்வெளிகளில் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் ரஷ்யா அதில் இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தாலும் போர்ப் பதற்றம் வந்தால் கதவு சாத்தப்படும் என்பதை 2025 ஏப்ரலில் நாமும் கண்டோம். பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் இந்திய நிறுவனங்களின் விமானங்கள் தெற்கே அரபிக்கடல் பக்கம் சுற்றத் தொடங்கின.

ரஷ்யா மூடியது எல்லோருக்கும் இல்லை. சீன நிறுவனங்கள் இன்றும் சைபீரியாவைக் கடக்கின்றன. ஹெல்சிங்கிக்கும் ஷாங்காய்க்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர். அந்த வழித்தடத்தில் பறக்கும் சீன விமானம் கிட்டத்தட்ட அந்த நேர்வழியிலேயே போகிறது. அதே நிலையத்திலிருந்து அதே ஊருக்குக் கிளம்பும் பின்லாந்து விமானம் தெற்கே திரும்பி, கருங்கடலையும் காஸ்பியன் கடலையும் சுற்றிக்கொண்டு, சில மணி நேரம் கழித்து அதே ஓடுபாதையில் இறங்குகிறது.